சிலுவை போட்ட துண்டு

முதல் நாள் அவள் சிலுவை அடையாளத்தைப் பிழையாகப் போடுகிறாள் என்றுதான் லூர்துசாமி நினைத்தான். நெற்றி சரி, நெஞ்சு சரி. அதன் பிறகு இடத் தோளுக்குப் போகவேண்டிய கை வலத் தோளுக்குப் போனது. மன்னாரில் முதல் நன்மை வகுப்பில் இப்படிப் போட்டிருந்தால் சிஸ்டரிடம் நன்றாக வாங்கியிருப்பாள். இவள் ஐரோப்பாக்காரி, கேட்க ஆளில்லை என்று அவன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

அது 2013 ஐப்பசி. பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில் மகேந்திரராசாவின் பலசரக்குக் கடை. முருங்கைக்காய், ஒடியல் மா, வெளிநாட்டுக்குக் கதைக்கிற ரெலிபோன் காட் எல்லாம் அங்கே கிடைக்கும். கல்லாவுக்கு மேலே முதலாளியின் பிள்ளையாரும் லட்சுமியும் இருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் லூர்துசாமி அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடுமாதா படத்தைச் சத்தமில்லாமல் செருகிவிட்டிருந்தான். உக்ரைனுக்குக் காட் கேட்டு வந்த பெண் அந்தப் படத்தைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையை நெற்றிக்கு எடுத்தாள்.

அவள் பெயர் லரிசா. நாற்பத்திரண்டு வயது. மார்க்ஸ் டொர்முவா தெருவில் கை கால் விழுந்துபோன ஒரு பிரெஞ்சுக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புருஷன் குடித்தே செத்துப்போனான். ஒரே மகன் யூரி ஊரில் படித்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் லூர்துசாமிக்கு ஒரேயடியாகத் தெரியவரவில்லை. வாரத்துக்கு ஒரு காட் வாங்க வந்தவள் இரண்டு வாங்க வரத் தொடங்கினாள். காட் தீருமுன்பே வருகிறாள் என்பது மகேந்திரராசாவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"என்ன லூர்து, அந்த வெள்ளைக்காரி காட் வாங்கவோ வாறா, உன்ர மாதாவைக் கும்பிடவோ வாறா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணை."

"மூண்டாவதும் ஒண்டு இருக்குமாப் போல கிடக்கு."

லா ஷப்பல் தமிழ்ச் சனத்தின் வாய்க்கு வேறு என்ன வேலை? ரஷ்யாக்காரி, உக்ரைன்காரி என்றால் ஒன்று விசாப் பேப்பருக்காக வருவாள், இல்லாவிட்டால் பொக்கற்றுக்காக வருவாள், கோயில் குளம் எதுவும் கிடையாது என்று சலூனில் இருந்து சாப்பாட்டுக் கடை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொன்ன வாய்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையும் ஆட்டுக்கறி ரோல்ஸ் தின்ற வாய்கள். லரிசாவோ புதனும் வெள்ளியும் பால்கூடத் தொடமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் நீட்டிய பால் தேத்தண்ணியை அவள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டிப் பிரெஞ்சு. வினைச்சொல்லை இவன் விழுங்குவான், பெயர்ச்சொல்லை அவள் விழுங்குவாள். இருந்தும் எப்படியோ கதை ஓடியது. தண்டவாளத்தை ஒட்டிய பூங்காவில், ஒரு மார்கழிப் பின்னேரம், கடதாசிக் குவளையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"உனக்கு மனைவி?"

"செத்துப்போய்விட்டாள். சண்டையில்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. காணாமல் போனவள் என்பதற்கு பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் அப்படிச் சொல்லவில்லை. அவனுடைய அகதி விண்ணப்பத்தில் அந்தச் சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று பயந்தான். பச்சைப் பொய். வேறு எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது.

"பெயர் என்ன?" என்று லரிசா கேட்டாள்.

"சிசிலியா."

அவள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண் என்று லூர்துசாமி நினைத்தான். அது என்ன கொப்பி என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

சிசிலியாவுக்கு என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவன் முதலில் பாரிஸுக்கு வந்து, அவளைப் பிறகு கூப்பிடுவது என்பதுதான் ஏற்பாடு. கூப்பிடுமுன் பாதை மூடிவிட்டது. மடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து புதுமாத்தளன் வரைக்கும் போய், 2009 பங்குனியில் யாருடையதோ ஒரு போனில் நாற்பது செக்கன் கதைத்தாள். "தண்ணி இல்லை, மற்றபடி சுகம்" என்றாள். அதுதான் கடைசி. ஆமிப் பக்கத்துக்கு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த சனத்துக்குள்ளே அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு ஒரு கிழமை முன்பே பங்கருக்குள் செத்துக்கிடந்ததைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் மாதாமேல் சத்தியம் பண்ணித்தான் சொன்னார்கள்.

சிசிலியாவின் தங்கை பேர்ளி பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருந்தாள். முதலாவது ஆளின் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டவள் அவள். கார்த்திகை இரண்டாம் திகதி இறந்த ஆத்துமாக்கள் திருநாளுக்குத் தமிழ்ப் பூசையில் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, வருடா வருடம் அத்தானுக்குப் பக்கத்தில் வந்து நின்று பேனையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மான்ர பேரை எழுதுங்கோ அத்தான், அப்புன்ர பேரை எழுதுங்கோ. அக்கான்ர பேரை எழுதினியளெண்டா பிறகு உங்கட முகத்திலை முழிக்கமாட்டன்."

"நான் எங்கை எழுதினனான் பிள்ளை?"

"எழுதேல்லை. எழுதிப்போடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அவன் எழுதவில்லைதான். ஆனால் அவனுடைய கோட்டின் உள்பொக்கற்றுக்குள் ஒரு படிவம் கிடந்தது. காணாமல் போனவர்களுக்கு அரசாங்கமே மரண அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கிறது, புருஷன் ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது என்று மன்னாரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி பேதுரு அனுப்பியிருந்தான். ஒரு வருடமாக அந்தப் படிவம் கோட்டோடு கடைக்குப் போய்க் கோட்டோடு அறைக்குத் திரும்பியது. பேர்ளிக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவாள்.

லரிசா முடிவாகச் சொல்லியிருந்தாள். "கோயிலில் தலையில் முடி வைத்து ஆசீர்வதித்த பிறகுதான் உன் வீட்டுக்கு வருவேன். அதற்கு முன் ஒரு கோப்பைகூட உன் வீட்டில் கழுவமாட்டேன்." அவளுடைய ஓர்தொடொக்ஸ் சபையில் மணமக்கள் தலையில் கிரீடம் போல முடி வைப்பார்களாம். மேரியில், அதுதான் நகரசபையில், பதிந்து, அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பெண்சாதி செத்த பேப்பர் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று அவன் சொல்லிவைத்திருந்தான். 2015 பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடியட்டும் என்று நாளும் கிட்டத்தட்டக் குறித்தாகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் அவனுக்கு விடிகாலையில் பாட்டு முணுமுணுக்க வந்தது. அதைக் கேட்டு அவனே திடுக்கிட்டு வாயை மூடிக்கொள்வான்.

அவளுடைய கோயில் பத்தொன்பதாம் வட்டாரத்தில், பழைய கராஜ் ஒன்றைத் திருத்திச் செய்த சின்னக் கோயில். ரஷ்யர், உக்ரைன்காரர், மொல்டாவியர் எல்லோரும் வருவார்கள். சிலுவை போடும்போது எல்லோருடைய கையும் முதலில் வலத் தோளுக்குத்தான் போனது. இருக்க வாங்கு, கதிரை எதுவும் கிடையாது. இரண்டு மணித்தியாலம் நின்ற நிலை. மெழுகுதிரி விற்கிற மேசையில் தமாரா என்கிற ரஷ்யாக்காரி இருந்தாள். எழுபது வயது. காற்சட்டை போட்டு வந்த பெண்ணுக்கு இடுப்பில் சுற்றத் துணி கொடுப்பாள், முக்காடு போடாதவளுக்கு முக்காடு கொடுப்பாள், யார் எந்தக் கையால் திரி கொளுத்துகிறார்கள் என்று பார்ப்பாள். லூர்துசாமிகூட முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு முழங்கையில் ஒரு தட்டு வாங்கினான்.

"தமாராவின் கடவுளுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது. உடுப்பைப் பார்க்கிறார்," என்று லரிசா சொல்லுவாள். "என்னுடையவருக்குக் காது இருக்கிறது. பெயர் சொன்னால் கேட்பார். பெயரைச் சரியாகச் சொன்னால் போதும்."

2014இல் அவளுடைய ஊரில் சண்டை தொடங்கியது. புரட்டாதியில் யூரிக்கு அழைப்பு வந்து, இருபத்திரண்டு வயதில் துவக்கோடு கிழக்குக்குப் போனான். அன்றிலிருந்து லரிசாவும் தமாராவும் வணக்கம் சொல்வதோடு சரி. தமாராவின் சொந்தக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று இவள் கேட்கவில்லை, அவள் யூரியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருத்தி திரியை நீட்டினாள், மற்றவள் வாங்கினாள்.

கதவோரம் ஆண்களோடு நின்று லூர்துசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். லரிசா முன்னுக்குப் போய் உயரமான தண்டுகளில் இரண்டு திரி வைப்பாள். அது ஒரு நிமிட வேலை. பிறகு இடப் பக்க மூலைக்குப் போவாள். அங்கே ஒரு தாழ்வான சதுர மேசை, அதன்மேல் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுருபம், சுருபத்தின் காலடியில் திரிகள். அந்த மேசையடியில்தான் அவள் கனநேரம் நிற்பாள். நின்று கண்ணைத் துடைப்பாள். ஒருமுறை அங்கிருந்தே திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். பெற்ற வயிறு மகனுக்காக எரிகிறது என்று அவனுக்கு நெஞ்சு இளகியது.

மாசி மாதம், சண்டை உச்சத்தில் இருந்த நேரம், யூரியின் போன் நான்கு நாளாக அடிக்கவில்லை. ஞாயிறு காலை லரிசா கடைக்குப் போன் பண்ணினாள். அவளுக்குப் பதிலாகக் கிழவியைப் பார்க்கவேண்டியவள் வரவில்லை, வீட்டை விட்டு அசைய வழியில்லை.

"நீ போவாயா? யூரிக்கு ஒரு திரி. அவன் பெயரைத் துண்டில் எழுதித் தமாராவிடம் கொடு. சாமியார் வாசிப்பார். செய்வாயா?"

செய்வாயா என்று கேட்கவும் வேண்டுமா? ஒன்றரை வருடப் பழக்கத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் காரியம் அது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, முகம் கழுவி, தலை இழுத்து, அவன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

தமாராவின் மேசையில் இரண்டு கட்டு வெள்ளைத் துண்டுகள் இருந்தன. ஒரு கட்டில் வெறும் எழுத்து, அவனுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. மற்றக் கட்டில் தலைப்பில் கறுப்பாக ஒரு சிலுவை. எதை எடுப்பான்? மன்னாரில், கத்தோலிக்கப் பேசாலையில் பிறந்த எவனும் எதை எடுப்பானோ அதை எடுத்தான். சிலுவை போட்ட துண்டில் YURI என்று கோணல்மாணலாக, ஆனால் பெரிதாக எழுதினான். தமாரா அதை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்த கடுமை வழிந்து போய்விட்டது. ரஷ்யனில் ஏதோ கேட்டாள். பிறகு "லரிசா? லரிசாவின் யூரி?" என்றாள். அவன் ஓமென்று தலையை ஆட்டினான். அவள் அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இருந்ததில் தடித்த திரியாக வாங்கி அவன் நேரே அந்தத் தாழ்ந்த மேசைக்குத்தான் போனான். உயிருக்கு நேர்த்தி வைக்கிறவன் பாடுபட்ட ஆண்டவரின் காலடிக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? அவளும் அங்கேதானே நின்று அழுகிறவள்?

பூசை முடிந்த பிறகுதான் அதிசயம் நடந்தது. சாமியார் தூபக்கலசத்தோடு அவனுடைய மேசைக்கே வந்தார். சனம் முழுவதும் அவரைச் சுற்றி வந்து நின்றது. துண்டுகளை வாசிக்கும்போது யூரியின் பெயரில் அவருடைய குரல் தளதளத்தது. பெண்கள் அழுதார்கள். எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஒரு பாட்டுப் பாடினார்கள். ஒரு மொல்டாவியக் கிழவர் வந்து லூர்துசாமியின் தோளைத் தட்டினார். தமாரா கட்டிப்பிடித்து அவனுடைய கோட்டில் கண்ணீர் விட்டாள். ரஷ்யாக்காரி, அவளே இந்தப் பிள்ளைக்காக அழுகிறாளே என்று நினைத்துக்கொண்டான். வெளியே வந்து லரிசாவுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: கோயில் முழுக்க யூரிக்காக மன்றாடியது, எல்லோரும் அழுதார்கள், தமாராகூட.

அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த நேரத்திலேயே இன்னொருத்தி கோயில் மண்டபத்திலிருந்து லரிசாவுக்குப் போன் எடுத்து ஆறுதல் சொன்னாள். மகனுக்கு நித்திய நினைவு உண்டாகட்டும், உன் ஆளிடம் கேள்விப்பட்டோம், திடமாக இரு என்றாள்.

மண்டபத்தில் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் லரிசா வந்துவிட்டாள். வீட்டுச் செருப்பு. கோட் இல்லை. முக்காடு இல்லை. கிழவியை அடுத்த வீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டு வந்திருந்தாள். லூர்துசாமியை அவள் பார்க்கவேயில்லை. நேரே தமாராவிடம் போனாள்.

அவள் கத்தியது ரஷ்யனிலா உக்ரைன் பாஷையிலா என்று அவனுக்குத் தெரியாது. யூரி என்கிற பெயர் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தது. அவள் தமாராவின் உடுப்பைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்தில் நின்ற மொல்டாவியக் கிழவர் பிரெஞ்சில் அவனுக்குச் சொன்னார்:

"மகன் உயிரோடு இருக்கிறானாம். இவள்தான் வேண்டுமென்றே செத்தவர்களோடு சேர்த்துவிட்டாளாம். ரஷ்யாக்காரிகள் எங்கள் பிள்ளைகளை இரண்டு தரம் கொல்லுகிறார்கள் என்கிறாள்."

"செத்தவர்களோடா?" என்றான் லூர்துசாமி.

"அந்தச் சதுர மேசை செத்தவர்களுக்கு. சிலுவை போட்ட துண்டும் செத்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்களுக்கு மற்றது. நீங்கள்தானே கொடுத்தீர்கள்?"

அங்கே தமாரா வாயைத் திறக்காமல் உலுக்கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். துண்டை எடுத்துக்காட்டி இதோ இவன் எழுதினான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சட்டம் பேசுகிற அந்தக் கிழவி அதைச் சொல்லவில்லை. பிள்ளை போய்விட்டான் என்ற வெறியில் தாய் அடிக்கிறாள், அடிக்கட்டும் என்று நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க லூர்துசாமியால் முடியவில்லை.

"நான்தான்," என்றான். "நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியாது, லரிசா."

அவள் திரும்பினாள். பிடித்த பிடி தளர்ந்தது.

"யூரி செத்துப்போனான் என்று யார் உனக்குச் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. சிலுவை போட்ட துண்டு நல்லது என்று எடுத்தேன். அந்த மேசையில் நீதான் எப்போதும் கனநேரம் நிற்பாய். யூரிக்காக அழுகிறாய் என்று நினைத்தேன்."

அவள் அவனை விளங்காத பாஷை கேட்டவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூரிக்குத் திரியை முன்பக்கத்து உயரமான தண்டில்தான் வைப்பேன்," என்றாள் கடைசியில். "அந்த மேசையில் என் அப்பா, அம்மா, என் புருஷன். அதற்குப் பிறகு உன் மனைவி. ஒவ்வொரு ஞாயிறும். அவளுக்குத்தான் நான் கனநேரம் நின்றேன். அவளுடைய இடத்துக்கு வரப்போகிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன்."

தமாரா தன்னுடைய கோட்டைக் கழற்றி லரிசாவின் தோளில் போட்டாள். இரண்டு பெண்களும் ஒரு சொல் பேசாமல் கோயிலுக்குள் போனார்கள். வாசித்த துண்டுகள் போடும் பெட்டியிலிருந்து அதைத் தேடி எடுத்து, அவன் வைத்த திரியிலேயே பிடித்து எரித்தார்கள். பிறகு தமாரா புதுத் திரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உயரமான தண்டில் தானே வைத்தாள். லூர்துசாமி வாசலோடு நின்றுகொண்டான்.

செவ்வாய்க்கிழமை யூரியிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. உயிர் இருந்தது. அம்மா என்று கூப்பிட்டான்.

புதன்கிழமை பின்னேரம் அவள் அவனைக் கூப்பிட்டாள். கிழவி உள்ளறையில் நித்திரை. குசினியில் மேசையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவளுடைய முகம் மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது. அவன் ஆயத்தப்படுத்தி வந்த மன்னிப்பை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிழையாகச் செய்ததற்குப் பாவம் இல்லை. சாமியாரும் அதைத்தான் சொன்னார். கடவுளுக்கு வாசிக்கத் தெரியும், யார் எந்தத் துண்டில் எழுதினாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்றார். நான் உன்னோடு கோபம் இல்லை." அவள் மேசைத் துணியின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "ஆனால் அந்த ஒரு மணித்தியாலம், வீட்டிலிருந்து கோயில் வரைக்கும், நான் செத்த பிள்ளையின் தாய். வேறு யாரோ ஒரு கடதாசியில் எழுதியதால். அது உனக்கு விளங்குமா?"

லூர்துசாமிக்கு விளங்கியது. அந்த ஊரில் அவனைவிட வேறு யாருக்கு அது விளங்கும்? பேர்ளி பேனைக்குப் பக்கத்தில் நிற்பது ஏன் என்று அவனுக்கு ஆறு வருடத்தில் விளங்காதது, அந்த மேசையில் இருக்கும்போது விளங்கியது.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நடந்திருக்கும். பாஸ்கு வந்திருக்கும், முடி வைத்திருப்பார்கள், அவள் அவனுடைய வீட்டில் கோப்பை கழுவியிருப்பாள். படிவத்தில் ஒரு கையெழுத்துத்தான் குறை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கை கோட்டின் உள்பொக்கற்றில்தான் இருந்தது.

"சிசிலியா செத்தாளா என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது," என்றான். "ஒருவன் செத்துக்கிடக்கக் கண்டேன் என்கிறான். இன்னொருவன் உயிரோடு கண்டேன் என்கிறான். நான் உன்னிடம் பொய் சொன்னேன்."

உள்ளறையில் கிழவி இருமினாள். லரிசா எழும்பிப் போய் அவளுக்குத் தண்ணீர் பருக்கிவிட்டுத் திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தாள்.

"எத்தனை வருடம்?"

"ஆறு."

"அவளுக்குத் தாய் இருக்கிறாளா?"

"இல்லை. தங்கை இருக்கிறாள். அவள் நம்புகிறாள்."

"நீ?"

"எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, லரிசா." அவன் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தான். குரல் கெஞ்சலாகப் போனது. "இதில் நான் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி அவள் செத்தவள். மேரியில் இது போதும். உன் சாமியாருக்கும் காணும்."

லரிசா அந்தப் படிவத்தைத் தொடவில்லை.

"என் மகனையும் ஒரு கடதாசியில்தான் எழுதினார்கள்," என்றாள்.

பிறகு கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் கொப்பியை எடுத்தாள். அதை அவன் அப்போதுதான் கிட்டப் பார்த்தான். முன்பக்கங்களில் மேலே சிலுவை, அதன்கீழே அவளுடைய செத்தவர்களின் பெயர்கள். கடைசியாக இருந்தது சிசிலியா. ஒரு வருடத்துக்கு மேலாக ஞாயிறு தோறும் வாசித்து அந்த மூலை மெழுகு பட்டு மங்கியிருந்தது. அவள் பேனையால் அந்தப் பெயரை ஒரு கோடு அல்ல, எழுத்தே தெரியாதபடி அடித்தாள். அடித்துக்கொண்டிருக்கும்போது அழுதாள். "மன்னித்துக்கொள் அம்மா, மன்னித்துக்கொள்," என்று அவள் சொன்னது அவனுக்கு அல்ல. பிறகு கொப்பியைத் திருப்பி, சிலுவை இல்லாத பக்கத்தில், யூரிக்குக் கீழே, லூர்துவுக்குக் கீழே, சிசிலியாவைப் புதிதாக எழுதினாள்.

அவனுடைய பெயர் அங்கே இருந்ததை அவன் அப்போதுதான் கண்டான்.

"நீ கெட்டவன் இல்லை," என்றாள். "ஆனால் உயிரோடு இருக்கிறவளின் புருஷனோடு நான் முடி வைக்கமாட்டேன்."

"அவள் உயிரோடு இருக்கிறாளோ என்று உனக்கும் தெரியாதே."

"தெரியாது. தெரியாதவரைக்கும் இந்தப் பக்கத்தில்தான் இருப்பாள். அந்தப் பக்கத்துக்கு ஒருத்தியைத் தள்ளிவிட்டு நான் வாழமுடியாது. இனி முடியாது."

அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிவில் எழும்பி அவனுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தாள். படிவத்தையும் மடித்துக் கொடுத்தாள். அவன் படியில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவள் காட் வாங்க வரவில்லை. மகேந்திரராசா இரண்டு கிழமை வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் கிழமை, "மாதாவைக் கும்பிட ஆளைக் காணேல்லை," என்றார். லூர்துசாமி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை. படிவத்தை அவன் கிழிக்கவுமில்லை, கையெழுத்துப் போடவுமில்லை. பெட்டியின் அடியில் போட்டுவைத்தான்.

அவர்களுடைய பாஸ்கு கழிந்து மூன்றாம் ஞாயிறு அவனுக்குப் பொறுக்கமுடியவில்லை. முடி வைக்கலாம் என்று பேசியிருந்த ஞாயிறு அது. தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று அந்தக் கராஜ் கோயிலுக்குப் போனான். தமாரா அவனைக் கண்டாள். திட்டுவாளோ என்று பயந்தான். அவள் கதவோரத்தில் அவனுக்கு இடம்விட்டு, கட்டியிருந்த கையை அவிழ் என்று முழங்கையில் மெதுவாகத் தட்டினாள்.

லரிசா முன்வரிசையில் நின்றாள். வெள்ளை முக்காடு. திரும்பவில்லை. சாமியார் உயிரோடு இருப்பவர்களுக்கான துண்டுகளை வாசிக்கத் தொடங்கினார். நீளமான வரிசை. விளங்காத பாஷையில், ஒரே ராகத்தில், பெயர் பெயராக வந்தது. இவான், மரியா, தமாரா, நிக்கொலாய். யூரி என்றார். லூர்து என்றார். அடுத்ததாக, நாக்குக் கொஞ்சம் தடுக்க, சிசிலியா என்றார்.

ஆறு வருடத்தில் அவளுடைய பெயரை உயிரோடு இருக்கிறவர்களோடு சேர்த்து ஒரு மனிதர் கோயிலில் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியிலும் பேர்ளியைத் தவிர யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவன்கூடச் சொன்னதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு லூர்துசாமி வாய்விட்டு அழுதான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயர் வாசிக்கப்படும். வாசிக்கிற வரைக்கும் லரிசா அவனுக்கு இல்லை. நிறுத்து என்று அவளிடம் போய்ச் சொல்ல அவனுக்கு மனமும் இல்லை.

முன்வரிசையில் வெள்ளை முக்காடு ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. அவளுடைய கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, வலத் தோளுக்குப் போனது. அவனும் போட்டான். அவனுடைய கை இடத் தோளுக்குத்தான் போனது.